ஐஸ் பெட்டிக்கு முன்னால் சென்ட்ரிஃபியூஜ்

கேள்வி: திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் கலெக்‌ஷன் சென்டர் நடத்துகிறேன். காலை 6 முதல் 9.30 வரை ரத்தம் எடுக்கிறோம். எல்லா ட்யூப்களையும் ஐஸ் பேக் போட்ட தெர்மோகோல் பெட்டியில் அடுக்கி, 11 மணி பஸ்ஸில் வேலூரில் உள்ள மெயின் லேபுக்கு அனுப்புகிறோம். போய்ச் சேர மதியம் 2 ஆகிவிடுகிறது. பொட்டாசியம் அடிக்கடி அதிகமாக வருகிறது. ஒருவருக்கு 6.4 வந்து, மறுநாள் அரசு மருத்துவமனையில் பார்த்தபோது 4.3. சர்க்கரை குறைத்துக் காட்டுகிறது என்று டாக்டர் சத்தம் போடுகிறார். 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்தது) என்று சில சாம்பிள்கள் ரிஜெக்ட் ஆகின்றன. போன மாதம் ஒரே பெயருள்ள இரண்டு பெண்களின் ரிப்போர்ட் மாறிப்போனது. விலை கூடின ஐஸ் பாக்ஸ் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இப்போதைய பழக்கத்தை மாற்றாமல் நல்ல ஐஸ் பாக்ஸ் வாங்கினால் பொட்டாசியம் இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

குளிரில் வைத்தால் கெடாது என்பது மீனுக்கும் பாலுக்கும் சரி. ட்யூபில் இருக்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் உயிரோடு இருக்கின்றன. வெளியே சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், இருப்பதைப்போல் இருபது மடங்குக்கும் மேலான பொட்டாசியத்தை அவை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன. அது தானாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். செல்லின் சுவரில் உள்ள ஒரு பம்ப் அதை ஓயாமல் உள்ளே இழுத்துப் போடும். குளிர் பட்டால் அந்தப் பம்ப் மந்தமாகிவிடும், கசிவு மட்டும் நடக்கும். பிரிக்காத ரத்தம் நாலைந்து மணி நேரம் ஐஸ் பக்கத்தில் இருந்தால் நோயாளியின் உடம்பில் இல்லாத பொட்டாசியம் ட்யூபுக்குள் உருவாகிவிடுகிறது.

இதில் மோசமானது, செல் உடையாமலேயே இது நடப்பதுதான். சீரம் சிவக்காது, தெளிந்த மஞ்சளாகவே இருக்கும். மெயின் லேபுக்குச் சந்தேகம் வர வழியில்லை, 6.4 என்று அடித்து அனுப்பிவிடுவார்கள். ஆக, உங்களுக்கு ரிஜெக்ட் ஆகி வரும் ஹீமோலைஸ்டு ட்யூப்களும், ரிஜெக்ட் ஆகாமல் தப்பான ரிப்போர்ட்டாக வரும் ட்யூப்களும் வேறு வேறு நோய்கள். முதலாவது ரத்தம் எடுக்கும் கையில் இருக்கிறது. இரண்டாவது உங்கள் பெட்டியில். இரண்டாவதுக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். 6.4 என்ற எண்ணைப் பார்த்து ஒரு டாக்டர் சிகிச்சை ஆரம்பித்தால், உண்மையில் 4.3 இருக்கும் நோயாளிக்குப் பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

ஐஸே வேண்டாம் என்றும் சொல்லிவிட முடியாது. சித்திரை வெயிலில் பஸ் டாப்பில் போகும் பெட்டியில் ரத்தம் வெந்துவிடும். அதனால் வழி ஒன்றுதான்: ரத்தம் எடுத்த இடத்திலேயே சீரத்தைப் பிரித்துவிடுவது. ட்யூபை வேகமாகச் சுற்றிச் செல்லையும் சீரத்தையும் பிரிக்கும் மெஷின்தான் சென்ட்ரிஃபியூஜ்; எட்டு ட்யூப் போடும் சிறிய டேபிள்டாப் உங்களுக்குப் போதும். முதலில் அதை வாங்குங்கள். ஐஸ் பாக்ஸைப் பிறகு பார்க்கலாம்.

பிரிப்பதில் இரண்டு நேரக் கணக்கு உண்டு. எடுத்தவுடன் சுற்றக் கூடாது. ரத்தத்தைச் சீக்கிரம் உறைய வைக்கும் கிளாட் ஆக்டிவேட்டர் உள்ள ட்யூப் என்றால் 30 நிமிடம், வெறும் ட்யூப் என்றால் ஒரு மணி நேரம் வரை ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து உறைய விடுங்கள். அவசரப்பட்டால் ரத்தத்தை உறைய வைக்கும் நாரான ஃபைப்ரின் சீரத்தில் நூல் நூலாக நின்று மெயின் லேபின் மெஷினை அடைக்கும். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு உறைய இன்னும் நேரம் பிடிக்கும். மறுபக்கம், எடுத்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் சிவப்பணுவும் சீரமும் தனித்தனியாகப் பிரிந்திருக்க வேண்டும். உங்கள் நேரத்துக்கு 7.30, 8.45, 10 என்று மூன்று சுற்று போட்டால் கிளாட் ஆக்டிவேட்டர் உள்ள எந்த ட்யூபும் கெடு தாண்டாது, 11 மணி பஸ்ஸையும் பிடித்துவிடலாம். வேகமும் நிமிடமும் ட்யூப் கம்பெனியின் தாளில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள். எதிரெதிரே ஒரே எடையில் ட்யூப் இருக்க வேண்டும் என்பதை உங்கள் டெக்னீஷியன் அறிவார்.

ஜெல் உள்ள மஞ்சள் மூடி ட்யூப் உங்களுக்கு வசதி. சுற்றி முடித்ததும் ஜெல் நடுவில் சுவராக நிற்கும், அப்படியே அனுப்பலாம். ஆனால் ஜெல் ட்யூபை இரண்டாம் முறை சுற்றாதீர்கள். அடியில் சிக்கியிருக்கும் பொட்டாசியம் நிறைந்த நீர் மேலே வந்து கலந்துவிடும். ஜெல் இல்லாத சிவப்பு மூடி என்றால் சீரத்தை வேறு குப்பிக்கு மாற்ற வேண்டும். மாற்றும் ஒவ்வொரு குப்பிக்கும் லேபிள் வேண்டும் என்பதால் பெயர் மாற இன்னொரு வாய்ப்பு கூடுகிறது. செலவு பார்க்காமல் ஜெல் ட்யூபுக்கே போய்விடுவது நல்லது என்பது என் கட்சி.

சர்க்கரைக்கு வருவோம். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். சீரம் ட்யூபிலிருந்தே சர்க்கரையும் பார்க்கச் சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால் டாக்டர் சத்தம் போடுவது நியாயம். ஃப்ளூரைடு உள்ள சாம்பல் மூடி ட்யூபில் எடுங்கள். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஃப்ளூரைடு தடுப்பது குளுக்கோஸ் உடையும் பாதையின் கடைசிப் பகுதியில் உள்ள ஒரு நொதியை. முன்னால் உள்ள படிகள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதனால் அந்த ஒன்றிரண்டு மணியில் கொஞ்சம் குறையத்தான் செய்யும், பிறகு அநேகமாக நின்றுவிடும். எடுத்தவுடன் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் அந்தத் தடையும் ஒழுங்காக வேலை செய்யாது. சென்ட்ரிஃபியூஜ் வந்தபின் சாம்பல் மூடியையும் சீக்கிரமே சுற்றி மேலே நிற்கும் நீரை (உறையாத ரத்தத்தில் இதற்குப் பெயர் பிளாஸ்மா) பிரித்து அனுப்பினால் இந்தப் புகார் அநேகமாக நிற்கும்.

இனி ஹீமோலைஸ்டு. ஊசி எடுப்பவர் பக்கத்தில் ஒரு காலை முழுக்க நின்று பாருங்கள். ஸ்பிரிட் காயும் முன்பே குத்துகிறாரா? 23 கேஜைவிட மெல்லிய ஊசியில் பெரிய சிரிஞ்சைப் போட்டு வேகமாக இழுக்கிறாரா? எடுத்த ரத்தத்தை ஊசி வழியாகவே ட்யூபுக்குள் அழுத்திப் பீய்ச்சுகிறாரா? கடைசியில் சொன்னதுதான் நம் ஊரில் பெரும்பாலும் குற்றவாளி. மூடி கழற்றும் ட்யூப் என்றால் ஊசியை நீடில் கட்டரில் அகற்றிவிட்டு ட்யூபின் சுவரோரமாக மெதுவாக விடச் சொல்லுங்கள். வேக்யூம் ட்யூப் என்றால் ஹோல்டரும் அதற்கான ஊசியும் வாங்கி நேரடியாக எடுப்பதே முறை. வேக்யூம் தனக்கு வேண்டியதைத் தானே இழுத்துக்கொள்ளும். பிளஞ்சரை அழுத்தினால் செல்லும் உடையும், மூடி தெறித்து ரத்தம் முகத்திலும் அடிக்கும். கலக்குவதற்கு ட்யூபைக் குலுக்குகிறார் என்றால் அதையும் நிறுத்துங்கள்.

கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது. "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று சொல்லும் பழக்கத்தையும் விட வேண்டும். தசை வேலை செய்தால் அங்கிருந்து பொட்டாசியம் வெளிவரும். அது மட்டுமே ஒரு யூனிட் வரை ஏற்றிவிடலாம். ஒருமுறை மூடிப் பிடித்தால் போதும்.

ட்யூப்களின் வரிசை: நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் இருந்தால் அதுதான் எல்லாவற்றுக்கும் முதல். காரணம் எளிது. ஊதா மூடியில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ ஒரு பொட்டாசியம் உப்பு; அதில் ஒரு துளி மஞ்சள் மூடிக்குப் போனால் பொட்டாசியம் ஏறும், கால்சியம் விழும். சாம்பல் மூடியிலும் பல கம்பெனிகள் பொட்டாசியம் ஆக்ஸலேட் சேர்க்கின்றன. ஒரே ரிப்போர்ட்டில் பொட்டாசியம் உச்சத்திலும் கால்சியம் பாதாளத்திலும் இருந்தால், சிவப்பு ட்யூபில் குறைவாக இருக்கிறதே என்று யாரோ ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றியிருக்கிறார்கள் என்று நான் முதலில் சந்தேகப்படுவேன்.

நீல மூடியைக் கோடு வரை நிரப்புங்கள். உள்ளே இருக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்ற கணக்கு தப்பினால், ரத்தம் உறையும் வேகத்தைச் சொல்லும் ஐஎன்ஆர் தப்பும், அதை நம்பி மாத்திரை அளவு மாறும். இந்த ஐஎன்ஆர் (பிடி என்றும் எழுதுவார்கள்) டெஸ்டுக்கான ட்யூபை ஐஸில் வைக்க வேண்டாம். மூடி திறக்காமல் அறை வெப்பத்தில் ஒரு நாள் தாங்கும். உறைவதைப் பார்க்கும் இன்னொரு டெஸ்டான ஏபிடிடி அப்படியில்லை, 4 மணி நேரத்துக்குள் பார்த்தாக வேண்டும். உங்கள் பஸ் கணக்குக்கு அது ஒத்துவராது. அந்த நோயாளியை நேரே லேபுக்கு அனுப்புவது உத்தமம். டெங்கு காலத்தில் ஊதா மூடியை உடனே எட்டுப் பத்து முறை கவிழ்க்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாத சிறு கட்டிகள் உருவாகி பிளேட்லெட் குறைவாகக் காட்டும். ஒரு குடும்பமே அலறிக்கொண்டு வேலூருக்கு ஓடும்.

ரிப்போர்ட் மாறின விஷயம். ட்யூபில் முன்கூட்டியே பெயர் எழுதி வரிசையாக வைத்துக்கொள்கிறீர்களா? பெரும்பாலான குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நம் மாவட்டங்களில் ஒரே காலையில் மூன்று செல்வி, இரண்டு முருகன் வருவார்கள். இனிஷியல் சிலசமயம் முன்னால், சிலசமயம் பின்னால். கல்யாணமான பெண்ணுக்கு ஒரு சீட்டில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல். பெயரை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். முழுப்பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயது, உங்கள் சென்டரின் பதிவு எண் என நான்கும் ட்யூபிலும் சீட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும்.

"நீங்கதானே செல்வி?" என்று கேட்காதீர்கள். காது கேட்காத பாட்டியும் தலையாட்டுவார், பயத்தில் இருப்பவரும் தலையாட்டுவார். "உங்க பேரு சொல்லுங்கம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?" என்று அவர் வாயிலிருந்தே வரவழையுங்கள். ரத்தம் எடுத்து முடித்து, அவர் நாற்காலியை விட்டு எழுவதற்குள் லேபிள் ஒட்டியாக வேண்டும். மூடியில் எழுதுவது கணக்கில் வராது. மூடி கழன்று வேறு ட்யூபுக்குப் போகும். பார்கோடை நெடுக்காக, சுருக்கமில்லாமல், உள்ளே இருக்கும் அளவு தெரிய இடம்விட்டு ஒட்டுங்கள். எடுத்த நேரத்தையும் எழுதுங்கள். ட்யூபுக்கு எவ்வளவு வயது என்று மெயின் லேபுக்குத் தெரிய வேறு வழியில்லை.

லேபிள் இல்லாத ட்யூப் கையில் சிக்கினால் ஊகம் கூடவே கூடாது. அந்த ஆளைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி எடுங்கள், காசு வாங்காமல். ரத்த வகை பார்க்கிற ட்யூப் மாறினால் ஆள் சாகலாம். மாறிப்போன அந்த இரண்டு பெண்களுக்கும், அவர்களைப் பார்க்கும் டாக்டர்களுக்கும் நேரடியாகச் சொல்லி விட்டீர்களா? இல்லையென்றால் இன்றே சொல்லிவிடுங்கள்.

பெட்டிக்கு இப்போதுதான் வருகிறோம். இரண்டு அறை வேண்டும். பிரித்த சீரமும் பிளாஸ்மாவும் குளிர் பக்கம், 2 முதல் 8 டிகிரி. ஊதாவும் நீலமும் ஐஸ் படாத பக்கம். ஊதாவுக்கு 18 முதல் 25 டிகிரி உத்தமம். ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே வைக்காதீர்கள். மேலே வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்கும் வரை வெளியே வைக்க வேண்டும். தடுப்பூசி கொண்டுபோகும் கிராம சுகாதார செவிலியர்களைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அப்போதும் பேக்குக்கும் ட்யூபுக்கும் நடுவே அட்டையோ துணியோ இருக்கட்டும். உறைந்த பேக் நேரே தொட்டால் அந்த இடத்தில் ரத்தம் ஐஸாகி செல் உடையும். உள்ளே ஒரு சின்ன தெர்மாமீட்டர் போட்டு, போய்ச் சேர்ந்ததும் எவ்வளவு காட்டுகிறது என்று லேபில் குறித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

யூரின் கல்ச்சர் 2 மணி நேரத்துக்குள் போகாது என்றால் குளிர் பக்கம் வையுங்கள், 24 மணி நேரம் வரை தாங்கும். பிளட் கல்ச்சர் பாட்டில் குளிர் பக்கம் போகவே கூடாது. பச்சிளங்குழந்தையின் பிலிரூபின் (மஞ்சள் காமாலை) ட்யூபை வெளிச்சம் படாமல் ஃபாயிலில் சுற்றுங்கள். அமோனியா, லாக்டேட் கேட்டு வந்தால் வாங்காதீர்கள். உங்கள் தூரத்துக்கு அது நடக்காது.

பஸ்ஸில் போவதால் ஒன்று சொல்ல வேண்டும். விமானத்தில் அனுப்பினால் நோய் பரிசோதனை சாம்பிள் என்பதைக் காட்டும் 'யுஎன் 3373' என்ற சாய்சதுர முத்திரையோடு மூன்று அடுக்குப் பொதி கட்டாயம். பஸ்ஸில் யாரும் கேட்பதில்லை. ஆனால் பெட்டி கவிழ்ந்தால் நனைவது பக்கத்தில் உள்ள பயணியின் காய்கறி மூட்டை. ட்யூப்கள் ஸ்டாண்டில் நிமிர்ந்து, சுற்றிலும் உறிஞ்சும் பஞ்சு. அதற்கு வெளியே கசியாத, திருகு மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பா. அதற்கும் வெளியே கெட்டியான பெட்டி. தெர்மோகோல் மட்டும் என்றால் உடையும். சீட்டுகளைத் தனிக் கவரில், டப்பாவுக்கு வெளியே வையுங்கள். பெட்டியின் மேல் இரண்டு பக்கத்து போன் எண்களும் இருக்கட்டும். கொட்டினால் கையுறை போட்டு, துணியால் மூடி, 1 சதவீத ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) ஊற்றிப் பத்து நிமிடம் கழித்தே துடைக்க வேண்டும்.

ஊசிக்குத் திரும்ப மூடி போடும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். வெள்ளை நிற, குத்தினால் துளைபடாத டப்பா கையெட்டும் தூரத்தில் இருந்தால் அந்தப் பழக்கம் தானாக ஒழியும். ஊழியர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்க வேண்டும். யாருக்காவது குத்திவிட்டால் பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பிக்க வேண்டும். 2 மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது.

சென்ட்ரிஃபியூஜ் வாங்கியதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். உங்கள் ஊழியர்களில் சம்மதிக்கும் மூன்று நான்கு பேரிடம், ஒரே குத்தில் ஆளுக்கு இரண்டு மஞ்சள் மூடி எடுங்கள். ஒன்றை அரை மணி கழித்துச் சுற்றுங்கள். மற்றதைப் பழையபடி பிரிக்காமல் ஐஸ் பக்கம் வைத்து, இரண்டையும் ஒரே பஸ்ஸில் அனுப்பிப் பொட்டாசியமும் சர்க்கரையும் மட்டும் கேளுங்கள். சுற்றியது சரியாகவும் சுற்றாதது அதிகமாகவும் வந்தால் குற்றம் பெட்டியில். அந்த இரண்டு எண்களையும் உங்கள் டாக்டரிடம் காட்டலாம். இரண்டுமே ஒன்றுபோல் அதிகமாக வந்தால் பெட்டியை விட்டுவிட்டு, ஊசி எடுப்பவர் பக்கத்தில் இன்னொரு காலை நில்லுங்கள்.