மதம் மாறிய மகளுக்கு அப்பாவின் வீட்டில் பங்கு உண்டா?

கேள்வி: நான் இந்துக் குடும்பத்தில் பிறந்தவள். 2009இல் ஞானஸ்நானம் பெற்று ஒரு கிறிஸ்தவரைத் திருமணம் செய்துகொண்டேன். எங்களுக்கு ஒரு மகள். அப்பா 2022இல் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அவர் பெயரிலேயே இருக்கிறது. அம்மாவும் இரண்டு அண்ணன்களும் அதில் குடியிருக்கிறார்கள். "மதம் மாறினவளுக்குப் பங்கு கிடையாது, ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிடு" என்கிறார் பெரிய அண்ணன். போட வேண்டியதுதானா?

பதில்: போடாதீர்கள். விடுதலைப் பத்திரம் என்பது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம். பங்கே இல்லாதவரிடம் அதை எதற்கு வாங்குகிறார்கள்? உங்களுக்குப் பங்கு இருப்பது அண்ணனுக்கோ, அவருக்குப் பத்திரம் எழுதித் தருபவருக்கோ நன்றாகவே தெரியும்.

அண்ணன் சொல்வது ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. பழைய இந்து தர்ம சாஸ்திரப்படி மதத்தை விட்டவர் சொத்துரிமையை இழந்தார். அதை மாற்றியது கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி, 1850ஆம் ஆண்டின் 21ஆவது சட்டத்தின் மூலம். மதம் மாறியதாலோ சாதியை இழந்ததாலோ வாரிசுரிமை போகாது என்றது அந்தச் சட்டம். மிஷனரிகளுக்காகவே கொண்டுவந்தார்கள் என்று அப்போது பலத்த எதிர்ப்பு இருந்தது. அந்தச் சண்டை முடிந்து ஏறக்குறைய ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிறது. சில வீடுகளில் மட்டும் இன்னும் முடியவில்லை.

இன்று உங்கள் அப்பாவின் சொத்துக்குப் பொருந்துவது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம். அவர் கடைசிவரை இந்து என்பதால் அந்தச் சட்டம்தான். நீங்கள் இப்போது என்ன மதம் என்பது பொருட்டல்ல. அதன்படி அம்மா, இரண்டு அண்ணன்கள், நீங்கள் என்று நால்வரும் முதல் வகுப்பு வாரிசுகள், அதாவது முதலில் பங்கு பெறுபவர்கள். ஆளுக்குக் கால் பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி அவர் இறந்தபோது உயிரோடு இருந்திருந்தால் மட்டும் ஐந்து பங்காகும். சட்டம் சொல்லும் காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் ஒரு வாரிசை ஒதுக்க முடியாது என்கிறது பிரிவு 28. மதம் மாறியவரை ஒதுக்கும் வரி அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை.

அப்புறம் ஏன் இந்தப் பேச்சு? பிரிவு 26ஐ யாரோ அரைகுறையாகக் கேட்டிருக்க வேண்டும். அது மதம் மாறியவரைத் தொடுவதில்லை. மாறிய பிறகு அவருக்குப் பிறந்த பிள்ளைகளைத் தொடுகிறது. அவர்கள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது, அந்த உறவினர் இறக்கும்போது அவர்களும் இந்துவாக இருந்தால் தவிர. அதாவது, அப்பாவுக்கு முன்பே நீங்கள் இறந்திருந்தால் உங்கள் மகளால் உங்கள் இடத்தில் நின்று பங்கு கேட்டிருக்க முடியாது. அம்மா செய்ததற்கு மகளைத் தண்டிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. நல்லவேளையாக உங்கள் விஷயத்தில் இது குறுக்கே வராது. அப்பா இறந்த அன்றே கால் பங்கு உங்களுடையதாகிவிட்டது. உங்களிடமிருந்து மகளுக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. நாளை அம்மாவின் பங்கில் பேத்திக்கு ஏதாவது தர அவர் விரும்பினால், உயில் எழுதட்டும். உயிலில் மதம் ஒரு தடையே இல்லை.

"குடியிருக்கிற வீட்டைப் பிரிக்கச் சொல்லிப் பெண் கேட்க முடியாது" என்றும் அடுத்து சொல்வார்கள். அப்படி ஒரு பிரிவு, 23ஆவது, இருந்தது. 2005இல் எடுத்துவிட்டார்கள்.

இனி செய்ய வேண்டியது. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விட்டிருந்தால் தாசில்தாரிடம் ஆட்சேபம் கொடுங்கள். பெயர் விடுபட்டதால் மட்டும் உரிமை போய்விடாது. வில்லங்கச் சான்று எடுத்து, வீட்டின் மேல் புதிதாக ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு அண்ணன்களுக்கு வக்கீல் நோட்டீஸ். பேச்சு எடுபடவில்லை என்றால் சிவில் நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கு, கூடவே வீட்டை விற்காமலிருக்க இடைக்காலத் தடை மனு. வழக்கில் அம்மாவும் பிரதிவாதியாகத்தான் வருவார். அது அவர்மேல் தொடுத்த வழக்கு அல்ல, பங்குதாரர் எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பதற்காக. நோட்டீஸ் போகும் முன் நீங்களே அவரிடம் நேரில் சொல்லிவிடுங்கள்.