துறை மடலில் என்ன எழுதுவது?

கேள்வி: மதுரைக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். பருவம் முடிவதால் மாணவர்களுக்குச் 'செய்தியும் ஊக்கமும்' ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார் துறைத்தலைவர். இரண்டாம் ஆண்டில் பாதிப் பேருக்கு மின்காந்தவியலில் அரியர். என்னத்தைச் சொல்லி ஊக்கப்படுத்துவது?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: முதலில், கலாமையும் ஐன்ஸ்டைனையும் கூப்பிடாதீர்கள் சகோதரி. எல்லா ஆண்டுமலருக்கும் வந்து போய் அவர்களே களைத்திருப்பார்கள்.

அரியரை மறைக்க வேண்டாம். அதை விட்டுவிட்டு 'வெற்றி நமதே' என்று எழுதினால் கடைசி பெஞ்சு சிரிக்கும். எத்தனை பேர், மறுபடி எழுதப் பணம் கட்டக் கடைசி நாள் எது, விடுமுறையில் எந்தக் கிழமை நீங்கள் வந்து கணக்குப் போட்டுக் காட்டுவீர்கள் என்று நாலு வரி போதும். வெக்டர் கால்குலஸ் என்ற கணக்கு பிடிபடாமல், மின்காந்தவியலின் அடிப்படையான மாக்ஸ்வெல் சமன்பாடுகளுக்குள் இறக்கிவிட்டால் யாராக இருந்தாலும் தடுக்கித்தான் விழுவார்கள். பாதி வகுப்பு விழுந்ததென்றால் நடத்தியதிலும் குறை இருக்கும். அதையும் ஒரு வரி ஒப்புக்கொள்ளுங்கள். துறைத்தலைவர் வெட்டினால் வெட்டட்டும்.

அடுத்து ஆய்வகம். எழுத உங்களுக்கு விஷயம் கிடைக்கும் இடம் அதுதான். சோடியம் விளக்கைப் போட்டதும் முதலில் அதற்குள் இருக்கும் நியான் வாயுவின் சிவப்புதான் தெரியும். சோடியம் ஆவியாகி மஞ்சள் நிறையச் சில நிமிடமாகும். 'விளக்கு கெட்டுப்போச்சு மேடம்' என்று முதல் வாரம் பதறிய பிள்ளை, கடைசி வாரம் நியூட்டன் வளையங்களை எண்ணி, அந்த மஞ்சள் ஒளியின் அலைநீளமான 5893 ஆங்ஸ்ட்ராமுக்குப் பக்கத்தில் வந்திருப்பாள். அப்படி ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருந்தால் பெயர் சொல்லி எழுதுங்கள். 'மாணவர்கள் சிறப்பாகச் செயல்பட்டனர்' என்றால் அது தன்னைத்தான் என்று ஒருவரும் நினைக்க மாட்டார். என் ரெக்கார்டு நோட்டில் ஓர் ஆசிரியர் 'படம் அழகு, அளவீடு அவசரம்' என்று எழுதியிருந்தார். என்னைப் பார்த்து எழுதியது என்பதாலோ என்னவோ, இன்னும் மறக்கவில்லை. ஓடாத கால்வனாமீட்டரை ஒட்டுப் போட்டு ஓடவைக்கும் ஆய்வக உதவியாளரையும் விட்டுவிடாதீர்கள்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு ஜாம் (JAM) நுழைவுத் தேர்வு பற்றிச் சொல்லுங்கள். பிப்ரவரியில் நடக்கும், 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஐஐடிகளில் எம்.எஸ்ஸி. சேர அதுதான் வழி. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கடைசி ஆண்டில் விண்ணப்பத் தேதி தாண்டிய பிறகுதான் இதைக் கேள்விப்படுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே காதில் விழட்டும்.

பெரிய பெயர் ஒன்றாவது வேண்டும் என்று துறைத்தலைவர் அடம்பிடித்தால் உள்ளூரிலேயே ஆள் இருக்கிறார். வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். 1928இல் ராமன் விளைவு ஆய்வில் ராமனோடு உழைத்தவர். டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரும் அவரே. அந்தக் கல்லூரி இருக்கும் கோரிப்பாளையம் வழியே தினமும் பஸ்ஸில் போகும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவருக்கும் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், பிரசங்கமாகிவிடும்.

ஒரு பக்கம் தாண்டாமல் எழுதி, சித்திரைத் திருவிழாக் கொடியேறும் முன்பே ஒட்டிவிடுங்கள். அழகர் மலையை விட்டுக் கிளம்பிவிட்டால் நோட்டீஸ் போர்டுப் பக்கம் ஒரு பயலும் திரும்ப மாட்டான்.