கணினிக் கேள்வி - பதில்: கேஷின் அளவைக் கேர்ணல் அறிவது எப்படி?

கேள்வி: பயிற்சிக்காகச் சிறிய கேர்ணல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒன்று எழுதுகிறேன். இன்ரெல் புரொசசரில், அதன் விபரங்களைத் தரும் சிபியுஐடி கட்டளையை 4ஆம் இலக்கத்துடன் அழைத்தால் முதல் கேஷின் (புரொசசருக்குள் உள்ள வேக நினைவகத்தின்) அளவு 0 என்று வருகிறது. அத்தோடு, ஒவ்வொரு கேஷாகக் கேட்கும் சுற்றும் நின்றுவிடுகிறது. எல்2, எல்3 (இரண்டாம், மூன்றாம் மட்டக் கேஷ்கள்) வரவே இல்லை. ஏன்?
- மாணவர், அறிவியல்நகர், கிளிநொச்சி

பதில்: பிழை இரண்டு இடங்களில் இருக்கவேண்டும்.

4ஆம் இலக்கம் தரும் எண்ணிக்கைகள் எல்லாம் ஒன்று குறைத்தே வரும். ஈபிஎக்ஸ் ரெஜிஸ்ரரில் (புரொசசரின் உள் சேமிப்பிடம்) 0 முதல் 11 வரையான பிற்களில் வரியின் (கேஷ் ஒரே தடவையில் எடுக்கும் துண்டின்) நீளம், 12–21இல் பிரிவுகள், 22–31இல் வழிகள் (ஒரு தொகுதியில் எத்தனை வரிகள் என்பது). ஈசிஎக்ஸில் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 1 கூட்டிய பிறகே பெருக்க வேண்டும். பிரிவு பெரும்பாலும் ஒன்றுதான், ஆகவே அந்த இடத்தில் 0 இருக்கும். கூட்டாமல் பெருக்கினால் விடையே 0. வரி 63, பிரிவு 0, வழி 7, தொகுதி 63 என்று வந்தால் 64 × 1 × 8 × 64 = 32,768 பைற், அதாவது 32 கிலோபைற்.

அடுத்தது சுற்று. எத்தனையாவது கேஷ் வேண்டும் என்பதை ஈசிஎக்ஸில் வைத்துத்தான் கேட்கிறோம். ஆனால் கட்டளை முடியும்போது அதே ஈசிஎக்ஸில் தொகுதி எண்ணிக்கை வந்து குந்திவிடும். அதையே எண்ணியாக வைத்து 1 கூட்டினால் அடுத்ததாக 1 அல்ல, 64 கேட்கப்படும். அப்படியொரு கேஷ் இல்லாததால் வகை 0 என்று வரும், சுற்றும் முடியும். எண்ணியை ஈஎஸ்ஐயில் வைத்து, ஒவ்வொரு அழைப்புக்கு முன்னும் ஈசிஎக்ஸுக்கு மாற்றுங்கள். ஈஏஎக்ஸின் கீழ் 5 பிற்கள் வகையைச் சொல்லும்: 1 தரவு, 2 கட்டளை, 3 இரண்டுக்கும் பொது. அதற்கு மேல் 3 பிற்கள் மட்டம்.

புரொசசர் விபரங்களைக் காட்டும் லினக்ஸின் எல்எஸ்சிபியு கட்டளையுடன் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. புதிய பதிப்புகள் எல்லாக் கருக்களின் (கோர்) கேஷ் அளவுகளின் கூட்டுத்தொகையைக் காட்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கேள்வி: பழைய பென்ரியம் 4 கணினியில் 4ஆம் இலக்கமே வேலை செய்யவில்லை.
- ஆசிரியர், மாங்குளம்

பதில்: முதலில் 0ஆம் இலக்கத்தை அழையுங்கள். ஈஏஎக்ஸில் வருவதுதான் உச்ச இலக்கம். 4ஐ விடக் குறைவென்றால் பயோஸில் 'லிமிட் சிபியுஐடி மாக்ஸ்வால்' இயக்கத்தில் உள்ளதா பாருங்கள். விண்டோஸ் என்டி 4 காலத்து மென்பொருளுக்காக வைத்த தடை அது, இன்று தேவையில்லை. நிறுத்தியும் எட்டாவிட்டால் 2ஆம் இலக்கம்தான் வழி. அங்கு ஒவ்வொரு பைற்றும் ஒரு குறியீடு, இன்ரெல் அட்டவணையில் தேடிப் பொருள் கொள்ள வேண்டும். ஈஏஎக்ஸின் கீழ்ப் பைற் குறியீடு அல்ல. 31ஆம் பிற் 1ஆக உள்ள ரெஜிஸ்ரரை முழுதாக விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஏஆர்எம் புரொசசர் கொண்ட றாஸ்பெரி பை 4 சிறு கணினியில், கேஷின் அமைப்பைச் சொல்லும் சிசிஎஸ்ஐடிஆர் ரெஜிஸ்ரரை நம்பி அளவைக் கணிக்கலாமா?
- வாசகர், பம்பைமடு, வவுனியா

பதில்: வேண்டாம். ஏஆர்எம் கட்டமைப்புக் கையேடே அதைத் தடுக்கிறது. தொகுதி, வழி வாரியாகக் கேஷைத் துப்புரவாக்கும் கட்டளைகளுக்காகவே அந்த எண்கள். 64 பிற் ஏஆர்எம்மில் லினக்ஸும் அளவுகளை டிவைஸ் ட்ரீயிலிருந்தே (வன்பொருளை விபரிக்கும் தரவு) எடுக்கிறது, அங்கு எழுதப்படாவிட்டால் அளவு வெறுமையாக இருக்கும். உங்கள் பலகையில் கருவொன்றுக்குக் கட்டளைக் கேஷ் 48 கிலோபைற், தரவுக் கேஷ் 32 கிலோபைற். நான்கு கருக்களுக்கும் பொதுவாக எல்2 1 மெகாபைற். வரியின் நீளம் மட்டும் தேவையென்றால் சிடிஆர் ரெஜிஸ்ரரின் 16–19 பிற்களைப் படியுங்கள். 4 என்று வந்தால் 2இன் 4ஆம் அடுக்கு 16 சொற்கள், சொல்லுக்கு 4 பைற் வீதம் 64 பைற்.