பீடி சுற்றும் கை இரவில் மரத்துப் போனால்

கேள்வி: ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறேன், வயது 43. இருபது வருடங்களுக்கு மேலாகப் பீடி சுற்றுகிறேன். சில மாதங்களாக இரவில் வலது கையின் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்து எரிகின்றன. எழுந்து உதறினால்தான் அடங்குகிறது. பகலில் கத்தரி நழுவுகிறது. ரப்பர் பந்தை அமுக்கச் சொல்கிறார்கள். ஊருக்கு வந்த முகாமில், விலை கூடிய நரம்புப் பட்டை ஒன்றை வாங்கச் சொன்னார்கள். வேலையை விட முடியாது. என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: முதலில் பந்தை எடுத்து வைத்துவிடுங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் உள்ள குறுகிய பாதையில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களுக்கு நடுவே ஒரு நரம்பும் செல்கிறது. இலை வெட்டி, சுருட்டி, நூல் கட்டி, நுனியை அடைக்கும் வேலையை நாள் முழுதும் செய்யும்போது தசைநாண்களின் உறை வீங்கி, அந்த நரம்பு நசுங்குகிறது. பந்தை அமுக்கினால் பாதைக்குள் அழுத்தம் இன்னும் கூடும். உங்கள் கைக்கு வேண்டியது பலமல்ல, இடம்.

தூக்கத்தில் மணிக்கட்டு தானாக மடங்குவதால்தான் இரவில் தொல்லை கூடுகிறது. ஆகவே, உள்ளே தகடு வைத்த சாதாரண மணிக்கட்டுப் பட்டையை மருந்துக் கடையில் வாங்கி, மணிக்கட்டு நேராக நிற்கும்படியும் விரல்கள் தாராளமாக அசையும்படியும், இறுக்காமல், ஆறு வாரமாவது இரவுதோறும் அணியுங்கள்.

பயிற்சிக்கு மணிக்கட்டை நேராக வைத்து விரல்களை நீட்டுங்கள். பிறகு நுனி மூட்டுகளையும் நடு மூட்டுகளையும் மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள். நீட்டி, மெதுவாக முழுக்கையும் மூடுங்கள். மீண்டும் நீட்டி, விரல்கள் விறைப்பாக இருக்க அடி மூட்டுகளை மட்டும் மடக்குங்கள். ஒவ்வொரு நிலையிலும் ஐந்து விநாடி நிறுத்தி, ஐந்து முதல் பத்து முறை, காலை, மதியம், இரவு செய்தால் போதும். மரமரப்பு கூடினால் எண்ணிக்கையைக் குறையுங்கள். இலை முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டி முடிக்காமல், கொஞ்சம் வெட்டிக் கொஞ்சம் சுற்றுங்கள். மழுங்கிய கத்தரிக்குச் சாணை பிடிப்பதும் ஒரு சிகிச்சைதான்.

முகாம்காரர்களிடம் கவனமாக இருங்கள். உள்ளங்கையை ஒரு கருவியில் வைக்கச் சொல்லி, நரம்பு அடைப்பு என்று தாளில் அச்சடித்துக் கொடுத்து, அதே மேசையில் காந்தப் பட்டை விற்பது பரிசோதனை ஆகாது. உண்மையான நரம்புப் பரிசோதனையில் கையில் மின்முனைகளை ஒட்டி, சிறு மின்துடிப்பு கொடுத்துப் பார்ப்பார்கள். அதைச் செய்கிறவர் பட்டை விற்கமாட்டார். நரம்பு எடுக்கிறேன் என்று எண்ணெய் போட்டு மணிக்கட்டை அழுத்துகிறவரிடமும் கையைக் கொடுக்காதீர்கள். நசுங்கிய நரம்பு மேலும் நசுங்கும். சீட்டில்லாமல் கிடைக்கிறதே என்று வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பீடித் தொழிலாளர் அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, சிகிச்சைப் பணம் வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் அட்டையின் நகலைக்கூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கை அழுத்திச் சொல்ல வேண்டும். மரத்துப் போவது சுண்டுவிரலானால் மேலே சொன்ன பட்டையும் பயிற்சியும் பொருந்தாது. அது வேறு நரம்பு. பெரும்பாலும் முழங்கையில் அழுந்தியிருக்கும். சுண்டுவிரல் மரமரப்போடு, தோலில் தொட்டால் உணர்வில்லாத வெளிறிய தேமலும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். வெட்கப்பட ஒன்றுமில்லை; ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இலவசம், 6 அல்லது 12 மாதத்தில் குணமாகும். வெட்கத்தில் தள்ளிப்போட்டால் விரல்கள் மடங்கியே நின்றுவிடும்.

சர்க்கரை நோயாலும் தைராய்டு குறைவாலும் இதே மரமரப்பு வரலாம் என்பதால், இரண்டையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்ணிடம் ‘கைக்கு ஓய்வு கொடுங்கள்’ என்று எழுதி அனுப்புகிற மருத்துவமுறை எனக்குப் பிடிபடவில்லை. பீடித் தொழிலாளருக்கென்று 1966-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. முக்கூடலில் அவர்களுக்கென மத்திய அரசு மருத்துவமனையும் இருக்கிறது. ஆனாலும் இருமலைக் கேட்கிற அளவுக்கு யாரும் விரலைக் கேட்பதில்லை. நீங்களே கேட்க வையுங்கள்.

ஆறு வாரத்தில் குறையாவிட்டால், அல்லது பெருவிரலின் அடிச்சதை வற்றிப் பள்ளம் விழுந்தால், அல்லது மரமரப்பு பகலிலும் விடாமல் நின்றால், பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். அறுவை தேவைப்பட்டாலும் கையை மட்டும் மரக்கச் செய்து முடிக்கும் சிறிய அறுவைதான். போகும்போது பட்டையையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் சென்று, எந்த விரல், எந்த நேரம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.