கணக்குப்பிள்ளை பதில்கள்

(கோத்தகிரியில் இருந்துகொண்டு தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

● உங்களை எல்லோரும் 'கணக்குப்பிள்ளை' என்கிறார்களே, எஸ்டேட்டில் வேலை பார்த்தவரா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

இல்லை டீச்சர். எஸ்டேட் கணக்குப்பிள்ளை என்பவர் மழையில் நனைந்துகொண்டு நிறுவைக்கு நிற்பவர். நான் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவன். கோயம்புத்தூரில் படித்துவிட்டு அங்கேயே ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். 1996 ஜனவரியில் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்கு வந்தபோது, பக்கத்துத் தொழிற்சாலையில் மூன்று குமாஸ்தாக்கள் விடிய விடிய மாதக் கணக்கு போடுவதைப் பார்த்தேன். இலை கொடுக்கும் விவசாயிகள் எண்ணூறு பேர். ஆளுக்கு முப்பது நாள் எடை, முன்பணம், உரக் கடன். ஃபாக்ஸ்ப்ரோ என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தெரிந்த ஒருவன் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா திரும்பிப் போக முடியாது. மில் வேலையை விட்டதை வீட்டில் சொல்ல மட்டும் நாலு மாதம் ஆயிற்று. பட்டப்பெயர் அந்த மூன்று குமாஸ்தாக்கள் வைத்தது. கிண்டலாகத்தான் வைத்தார்கள்.

● ஆரம்பத்தில் பெரிய சவால் எது? பணமா, போட்டியா?
– பொறியியல் மாணவர், திண்டுக்கல்

பூஞ்சை.

விளையாட்டில்லை. கோத்தகிரியில் வருடத்தில் பாதி நாள் மேகம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்குக் கணக்கைச் சேமித்த ஃப்ளாப்பியின் தகட்டை நகர்த்திப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகப் புள்ளி புள்ளியாக இருக்கும். அதை டிரைவில் போட்டால் ஃப்ளாப்பியும் போச்சு, டிரைவும் போச்சு. ஊரில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் ஒருவர்தான் வழி சொன்னார். கேமரா லென்ஸை வைப்பது போல, மர பீரோவுக்குள் நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்றை எரியவிட்டு ஃப்ளாப்பிகளை மேல்தட்டில் வைக்கச் சொன்னார். என் முதல் 'டேட்டா சென்டர்' அந்த பீரோதான். பூனை அதன் மேல்தான் படுக்கும்.

அடுத்த தலைவலி தமிழ். ஆங்கிலத்தில் இலைக் கணக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தால் விவசாயிக்கு என்ன பிரயோஜனம்? விண்டோஸுக்கு முந்தைய டாஸில் தமிழ் வர சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையை வாங்கி கம்ப்யூட்டருக்குள் சொருக வேண்டும். அதை வாங்கத்தான் அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் முதல் தமிழ்ச் சீட்டு கரகரவென்று வெளியே வந்தபோது, 'தேயிலை' என்பதில் ஐகாரக் கொம்பு லகரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம்.

● ஸ்ரீதர் வேம்பு தென்காசிப் பக்கம் கிராமத்தில் இருந்து ஜோஹோ என்ற உலகளாவிய நிறுவனத்தை நடத்துகிறார். நான் கொடைக்கானலில் அப்படி ஒரு நிறுவனம் தொடங்க முடியாதா?
– மென்பொருள் ஊழியர், கொடைக்கானல்

முடியும். ஆனால் அவர் கதையை எல்லோரும் கடைசி அத்தியாயத்திலிருந்து படிக்கிறார்கள், அதுதான் தொந்தரவு. வேட்டியும் மத்தளம்பாறை கிராமமும் போட்டோவில் நன்றாக இருக்கின்றன. அவர் சென்னை ஐ.ஐ.டி.யில் 1989-இல் முடித்தவர், பிரின்ஸ்டனில் டாக்டர் பட்டம், பிறகு குவால்காம் வேலை. தம்பிகளோடும் நண்பர்களோடும் அட்வென்ட்நெட் (ஜோஹோவின் பழைய பெயர்) தொடங்கிய வருடம் 1996, நான் பீரோவுக்குள் பல்பு மாட்டிய அதே வருடம். ஊரோடு போய்த் தங்கியது 2019 வாக்கில். நடுவில் இருபத்துமூன்று வருடம்!

அந்த நடுப்பகுதிதான் எனக்குப் பிடித்தது. அட்வென்ட்நெட்டின் முதல் சரக்கு நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். தகவல்தொடர்புக் கருவிகள் செய்யும் கம்பெனிகள்தான் வாடிக்கையாளர்கள். 2000-01-இல் டாட்காம் குமிழி உடைந்து இணையக் கம்பெனிகள் சரிந்தபோது அந்தக் கம்பெனிகள் வரிசையாகச் சாய்ந்தன. வெளியார் முதலீடும் வாங்கவில்லை, தாங்கிப்பிடிக்க ஆள் இல்லை. இருந்த இன்ஜினியர்களை வைத்தே வேறு சரக்கு செய்தார்கள். முதலில் கம்பெனிகளின் ஐ.டி. பிரிவுகளுக்கான மேனேஜ்என்ஜின், 2005-இல் இணையத்தில் ஜோஹோ. 2009-இல்தான் கம்பெனிக்கே ஜோஹோ என்று பெயர் வந்தது. 2025 ஜனவரியில் அவர் தலைமைச் செயல் அதிகாரி பதவியை விட்டுவிட்டுத் தலைமை விஞ்ஞானியாகிவிட்டார். அதனால் 'நடத்துகிறார்' என்ற உங்கள் சொல்லையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள்.

எனக்கும் கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் அடி விழுந்தது. 1998-இல் பசுந்தேயிலைக்கு நல்ல விலை. இரண்டே வருடத்தில் கிலோ ஐந்து ரூபாய்ச் சுற்றுக்கு இறங்கிவிட்டது. என் வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் தேயிலைக்காரர்கள். மழை பெய்தால் எல்லோர் கூரையும் ஒன்றாக ஒழுகும். அவருக்கு வேறு சரக்கு செய்ய ஆள்கள் இருந்தார்கள். எனக்கு நானும் பூனையும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் வைத்து மூன்று வருடம் ஓட்டினேன். பிளஸ் டூ ரிசல்ட் அன்றைக்கு மட்டும் கடை நிரம்பும்.

சரி, கொடைக்கானல். இரண்டு கம்பெனியிடம் இணைய இணைப்பு வாங்குங்கள். வாங்கிவிட்டு, வத்தலக்குண்டு சாலையில் இறங்கி இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். அப்படியென்றால் ஒரு மரம் விழுந்தால் இரண்டும் போகும். 2009 நவம்பரில் எங்கள் நீலகிரியில் உள்ள கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டியது. ரோடு போனது, கரன்ட் போனது, ஒன்பது நாள் என் போன் பேசவில்லை. அன்றிலிருந்து எல்லாக் கணக்குக்கும் ஒரு நகல் கோயம்புத்தூரில் இருக்கிறது.

● பில் கேட்ஸ் படிப்பை விட்டவர்தானே என்கிறான் மகன். இரண்டாம் வருடத்தோடு கல்லூரியை நிறுத்திவிட்டு 'ஸ்டார்ட்அப்' போகிறானாம். என்ன சொல்லட்டும்?
– கவலையுள்ள தகப்பன், கூடலூர்

கேட்ஸ் 1975-இல் ஹார்வர்டை விட்டபோது, கையில் வாங்க ஆள் இருந்த ஒரு மென்பொருள் இருந்தது. பள்ளிக்கூடத்திலேயே, 1968-லிருந்து, கம்ப்யூட்டரைத் தொட்டுப் பழகியவர் வேறு. அண்ணா, உங்கள் பையனிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இதுவரைக்கும் உனக்குக் காசு கொடுத்தவன் யாருடா?" ஒரு பெயர் சொன்னால் உட்கார வைத்துப் பேசுங்கள். சொல்லாவிட்டால் செமஸ்டர் ஃபீஸ் கட்டிவிட்டு வாருங்கள்.

● நல்ல லேப்டாப் ஒன்று சொல்லுங்களேன்.
– பெயர் வேண்டாம், பழனி

மூன்று இதழாக இதே கேள்வியை அனுப்புகிறீர்கள். இதற்குள் நல்லதாக ஒன்று வாங்கியிருக்கலாம்.

● எங்கள் தொழிற்சாலைச் சீட்டில் தண்ணீர்க் கழிவு எவ்வளவு என்று போடுவதே இல்லை. கேட்டால் 'கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும்' என்கிறார்கள். அது உங்கள் கம்ப்யூட்டர்தானே?
– சிறு தேயிலை விவசாயி, கட்டபெட்டு

என்னுடையதாகத்தான் இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். மழையில் பறித்த இலை ஈரத்தையும் சேர்த்து எடை காட்டும். நாலு, நாலரை கிலோ இலைக்குத்தான் ஒரு கிலோ தூள். தண்ணீருக்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். அதனால் நூறு கிலோவுக்குப் பத்து, அடைமழையென்றால் அதற்கு மேலும் கழிப்பார்கள். கழிப்பது நியாயம்தான். ஆனால் நான் பார்த்த இடங்களில் ஈரத்தைக் கருவி வைத்து அளந்ததில்லை. சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்துச் சொல்வதுதான். சண்டை அங்கேதான்.

என் முதல் தமிழ்ச் சீட்டில் நாலு கட்டம்: மொத்த எடை, சாக்கு, தண்ணீர்க் கழிவு, நிகர எடை. இரண்டாவது மாதமே ஒரு முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். டீ கொடுத்தார், அவர் தொழிற்சாலைத் தூள், நல்ல டீ. "தம்பி, இந்தச் சீட்டு வந்ததிலிருந்து ஆளாளுக்கு வந்து கணக்கு கேக்கறாங்க. அந்த மூணாவது கட்டத்தை எடுத்துடுங்க" என்றார். எனக்கு அவர் பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்திருந்தார். எடுத்துவிட்டேன். அரை மணி நேர வேலை.

எங்கள் ஒன்றரை ஏக்கர் இலையும் அங்கேதான் போகும். அடுத்த மாதச் சீட்டை அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்பக்கம் இருக்குமோ என்று திருப்பியும் பார்த்தார். எங்கள் படுக பாஷையில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால், "தண்ணி எங்கடா போச்சு?" பிரிண்டரில் இடம் போதவில்லை என்று சொன்னேன். அவர் வளையல் இன்னும் அடகில்தான் இருந்தது.

பிற்பாடு விண்டோஸுக்கு மாற்றி எழுதும்போது அந்தக் கட்டத்தைத் திரும்பச் சேர்த்தேன். ஆனால் முழுத் தைரியம் வரவில்லை. 'கழிவு அச்சிடுக: ஆம் / இல்லை' என்று ஒரு வரி வைத்தேன். 'ஆம்' என்று போட்டுத்தான் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் கொடுக்கிறேன். உங்கள் சீட்டில் வரவில்லையென்றால் யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள். ஆபீசுக்குப் போய், 'செட்டிங்ஸில் மூணாவது பக்கம், கடைசி வரி' என்று சொல்லுங்கள், குமாஸ்தாவுக்குத் தெரியும். இல்லை என்று மாற்றுவதற்கு இடம் வைத்துக் கொடுத்தவன் கணக்குப்பிள்ளைதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.