வீட்டை விற்று மருத்துவ இடம் வாங்காதீர்கள்

தேவகோட்டை ஆச்சி ஒருவர் மகளின் படிப்பு பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார். நீட் மதிப்பெண் போதவில்லை. பூர்வீக வீட்டில் உள்ள பங்கை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடலாம் என்று அம்மான் நெருக்குகிறாராம். கீழக்கரைப் பக்கம் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களுக்கு மூட்டுவலி வருவது ஏன் என்று தெரிந்துகொண்டதிலிருந்து பிள்ளைக்கோ அந்த விஷயத்தின் மேலேயே நினைப்பாம்.

ஆச்சி, விற்காதீர்கள். அவள் கேட்காத படிப்புக்காக ஒரு வீட்டை இழப்பதை நான் ஏற்க மாட்டேன்.

அவள் பிடித்திருக்கும் விஷயம் பெரியது. 10 மீட்டர் ஆழத்திலேயே அழுத்தம் தரையில் உள்ளதைப்போல இரு மடங்கு. சுவாசிக்கும் காற்றின் நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழாகிறது. அந்த மூட்டுவலி இதனால்தான். அந்தக் குமிழ்களை அல்ட்ராசவுண்ட் காட்டிக்கொடுக்கும். ரத்த ஓட்டத்தை ஒலியாக்கித் தரும் டாப்ளர் கருவியில் இதய ஒலிக்கு நடுவே தனிச் சத்தமாகக் கேட்கும். இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ திரையில் அதன் வலது அறைகளில் வெள்ளைப் புள்ளிகளாக ஓடும். குமிழ் எவ்வளவு என்று குறிக்க 1970களில் அமெரிக்க மருத்துவர் மெரில் ஸ்பென்சர் வகுத்த 0 முதல் 4 வரையிலான தர அளவு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மேலே வந்த பிறகும் குமிழ் கூடலாம் என்பதால் ஒருமுறை பார்த்தால் போதாது, விட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். குமிழ் தெரிந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் தெரியும். குமிழ் நிறைய இருந்தால் ஆபத்து கூடும், அவ்வளவுதான். வலியோ மரத்துப்போதலோ இருந்தால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் ஆக்சிஜன் கொடுக்க வேண்டும்.

இந்தக் குமிழ்களைப் பார்க்கக் கற்பதற்கென்று தனிப் பட்டம் தேட வேண்டாம். இதயப் பரிசோதனைக் கருவிகளை இயக்கக் கற்றுத்தரும் பி.எஸ்சி. கார்டியாக் டெக்னாலஜி சேருங்கள்: 3 ஆண்டு படிப்பு, அப்புறம் ஓராண்டு பயிற்சி. நீட் வேண்டாம், பிளஸ் டூ உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்து அரசு கலந்தாய்வு நடக்கும். எக்கோ எடுக்கக் கை பழகுவது அங்கேதான். சம்பளம் இதய மருத்துவமனைகளில்தான் வரும். மூழ்குபவர்களைச் சோதிக்கும் வேலை இங்கே அரிது, ஆராய்ச்சி வழியாகத்தான் கிடைக்கும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரிந்த பிறகும் வேண்டும் என்றால் விடுங்கள், படிக்கட்டும்.

தனியார் கல்லூரி என்றால் விடுதி, தேர்வுக் கட்டணம் உட்பட 4 ஆண்டுச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். அதற்கும் வீட்டை விற்க வேண்டியிருந்தால் அந்தக் கல்லூரி வேண்டாம். அம்மானிடம் நீங்களே பேசுங்கள், ஆச்சி. பிள்ளையை முன்னால் நிறுத்தாதீர்கள்.