நிறுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள்: இழுவை வாகனங்கள் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி (முல்லைத்தீவு): மாரி காலத்தில் பதினெட்டு அடிப் படகை ட்ரெயிலரில் ஏற்றி மன்னார்க் கரைக்குக் கொண்டுபோய்த் தொழில் செய்ய எண்ணியுள்ளேன். டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வாகனம்) போதுமா, சிறிய லொறி தேவையா?

பதில்: டபிள் கப் பெரும்பாலும் போதும், ஆனால் எஞ்சினின் வலுவை வைத்து முடிவெடுக்காதீர்கள். படகு, வெளியிணைப்பு இயந்திரம், நனைந்த வலை, எரிபொருள் எல்லாவற்றையும் ட்ரெயிலரில் ஏற்றி, பக்கத்து நெல் ஆலையின் லொறித் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கப் வகைகள் பலவற்றுக்கு, தனக்கென்று பிரேக் உள்ள ட்ரெயிலர் என்றால் 3,500 கிலோவும் பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோவுமே உற்பத்தியாளர் வகுத்த எல்லை. உங்கள் ட்ரெயிலருக்குப் பிரேக் இல்லையெனில் இரண்டாவது எண்தான் உங்களுக்குரியது.

ட்ரெயிலரின் மொத்த நிறையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு வாகனத்தின் இழுவைக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். இயந்திரம் படகின் பின்புறத்தில் தொங்குவதால் பாரம் பின்னுக்குப் போய், ஏ9 வீதியில் வேகம் கூடும்போது ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். ஆகவே வலையையும் எரிபொருள் கலன்களையும் முன்புறமாக வையுங்கள்.

இன்னொன்றையும் கேளாமலே சொல்கிறேன். ஓடி வந்த சூட்டோடு ட்ரெயிலர்ச் சில்லைக் கடலில் இறக்கினால், சில்லின் நடுவே பெயாரிங் இருக்கும் குடத்தினுள் உள்ள காற்று குளிர்ந்து சுருங்கி, உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒட்டுசுட்டானைத் தாண்டி ஒருமுறை கிரீஸ் கருகும் மணம் வந்து நான் வாகனத்தை நிறுத்தியபோது, பெயாரிங் துருவேறி இறுகியிருந்தது; குடத்தில் கை வைக்க முடியவில்லை. அரை மணி நேரமாவது ஆறவிட்டு இறக்குங்கள். ஏற்றியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி): நான்கு சில்லு இயக்கம் அவசியமா?

பதில்: மழையில் வயற்பாதைக் களிமண்ணிலோ கரை மணலிலோ பாரம் இழுப்பவருக்கு அவசியம். தார் வீதியில் மட்டும் ஓடுபவருக்கு அது வீண் செலவு. முன், பின் சில்லுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடு டிஃபரென்ஷியல் இல்லாத வாகனங்களில் காய்ந்த தார் வீதியில் அதைப் போட்டு ஓடினால் பற்சில்லுகள் நெரிபட்டுப் பழுதாகும்.

கேள்வி (வவுனியா): நாங்கள் ஆறு பேர். மடுத் திருவிழாவுக்கும் கதிர்காமத்துக்கும் போய்வரக் காரவன் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும், படுக்கையுள்ள வண்டி) வாங்குவதா, வானிலேயே படுக்கை அமைப்பதா?

பதில்: ஆண்டுக்கு இரண்டு பயணங்களுக்கு வானே போதும். ஆறு பெரியவர்கள் ஏறத்தாழ 400 கிலோ, நூறு லீற்றர் தண்ணீர் 100 கிலோ. அலுமாரி அடிக்கும் முன்பே வான் தாங்கக்கூடிய பாரத்தில் பெரும் பங்கு முடிந்துவிடும் என்பதால் பலகை வேலையைக் குறைத்து, கூடாரம் ஒன்று கொண்டுபோங்கள். தண்ணீர்த் தாங்கியைக் கூரையில் வைக்க வேண்டாம். காரவனோ முற்றத்து வெயிலில் மாதக்கணக்கில் நிற்கும்; ஓடாவிட்டாலும் ரயரின் ரப்பர் காய்ந்து வெடிப்பு விடும். எந்த ரயரை வாங்கினாலும் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது.

கேள்வி (மாங்குளம்): உழவு இயந்திரப் பெட்டியில் உறவினரை ஏற்றி இரவில் கோயிலுக்குப் போகலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். நெல் ஏற்றி இரவில் வரும்போதும் பெட்டியின் பின்புறம் சிவப்பு ஒளிதெறிப்பிகள் இரண்டும் எரியும் விளக்கு ஒன்றும் இருக்கட்டும். வயலிலிருந்து வீதிக்கு ஏறும் முன் அவற்றின் மேல் அப்பியிருக்கும் சேற்றைத் துடைத்துவிடுங்கள்.